எண்ணிக்கைக்குள் வராத பிள்ளைகள்
பரீட்சை, மாவட்டம், சமநீதி: குறிகட்டுவானை முன்வைத்து ஒரு விமர்சனம்

ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பெறுபேறு வெளியாகும் நாளில் நமது ஊர்களில் ஒரே கேள்விதான் ஓடித் திரியும்: "புள்ளைக்கு எத்தன மார்க்ஸ்?" அடுத்த கேள்வி, "வெட்டுப்புள்ளிக்கு மேலயா, கீழயா?" இவ்விரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பேச்சு முடிந்துவிடும். அந்தப் பிள்ளையை யாரோடு சேர்த்து நிறுத்தினார்கள், எந்தக் கோலால் அளந்தார்கள் என்று கேட்பதற்கு யாருக்கும் நேரமில்லை. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரின் பெயரிலேயே ஓர் அத்தியாயத்தைக் கொண்ட வேதத்தை ஓதுகின்ற சமூகம், தன் பிள்ளைகளை நிறுக்கின்ற தராசைப் பற்றி மட்டும் வாய் திறக்காமல் இருப்பது புதினமாகத்தான் இருக்கிறது.

கல்விச் சீர்திருத்தம் பற்றி நாடு மறுபடியும் பேசத் தொடங்கியிருக்கிறது. 2026இல் முதலாந்தரத்திலும் ஆறாந்தரத்திலும் தொடங்குவதாக 2025இல் அரசாங்கம் ஒரு புதிய திட்டத்தை அறிவித்தது. பாடத்திட்டம், மொடியூல், கணிப்பீடு, மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளை என்ன செய்வது என்று பல விடயங்கள் அதைச் சுற்றிப் பேசப்பட்டன. எல்லாவற்றிலும் 'சமவாய்ப்பு' என்ற சொல் வருகிறது. அந்தச் சொல்லை இந்நாட்டில் யாரும் எதிர்ப்பதில்லை. ஆனால் சமவாய்ப்பை எந்த அலகில் அளக்கிறோம் என்பதில்தான் முழு வில்லங்கமும் கிடக்கிறது. நமது நாட்டில் அந்த அலகின் பெயர் மாவட்டம். ஐம்பது வருடமாக அதே மாவட்டம். அதற்குள்ளே மறைந்து போகின்றவர்கள் யார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

குறிகட்டுவானில் நிற்கும் கணக்கு

புங்குடுதீவின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது குறிகட்டுவான் இறங்குதுறை. யாழ்ப்பாணத்திலிருந்து வருகின்ற பஸ் பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணையைத் தாண்டி, புங்குடுதீவுப் பாலத்தால் ஏறி, அங்கே வந்து நின்றுவிடும். அதற்கு அப்பால் றோட்டு இல்லை. நயினாதீவுக்குப் போவதானால் படகில் கால்மணி நேரம் அளவில். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் அளவில். நாகபூஷணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் போகின்ற கூட்டத்தால் அந்தத் துறை வருடம் முழுக்க நாடறிந்த இடம். நயினாதீவில் பள்ளிவாசலும் உண்டு என்பது நம்மவரிலேயே பலருக்குத் தெரியாது.

யாத்திரிகருக்குப் படகு ஒரு நாள் அனுபவம். பாடசாலைக்கு அது நேரசூசி. தீவுக்குள்ளே வீடெடுத்துத் தங்காத ஆசிரியர் காலைப் படகில் போய்ப் பின்னேரப் படகில் திரும்புகிறார். படகு பிந்தினால் முதலாம் பாடம் போய்விடும். திரும்பும் படகு முந்தினால் கடைசிப் பாடம் போய்விடும். கடல் கொந்தளிக்கிற நாளில் முழு நாளுமே போய்விடும். கணித ஆசிரியர் ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போனால் அடுத்தவர் வருமட்டும் அந்தப் பாடம் காத்திருக்கும். 'கஷ்டப் பிரதேசம்', 'அதிகஷ்டப் பிரதேசம்' என்று கல்வி நிர்வாகத்தில் வகைகள் உண்டு. அந்த வகைப்பாடு ஆசிரியரின் சேவைக்கும் கொடுப்பனவுக்கும் உதவுகிறது. பிள்ளையின் பெறுபேற்றை வாசிக்கிற இடத்தில் அந்தச் சொல்லைக் காணோம்.

புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஒன்றாகவே வெளியிடப்படுகிறது. ஆகவே நெடுந்தீவுப் பிள்ளைக்கும் நல்லூர்ப் பிள்ளைக்கும் யாழ்ப்பாண மாவட்டம், தமிழ்மொழி மூலம் என்ற ஒரே கோடு. ஒருவருக்கு வீட்டுக்குப் பக்கத்தில் நாலு ரியூற்றரி, மாதிரி வினாத்தாள் விற்கிற கடை, பின்னேரம் சொல்லிக் கொடுக்க ஓர் அக்கா. மற்றவருக்குப் படகு. இரண்டு பேரும் 200 புள்ளிக்கு எழுதுகிறார்கள், ஒரே நாளில், ஒரே தாளில். இதைத்தான் சமம் என்கிறோம்.

பல்கலைக்கழக அனுமதியிலும் இதுவே கதை. அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் தகுதி அடிப்படையில், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதத்தில், மிகுதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை எனப் பட்டியலிடப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. பிள்ளை எந்த மாவட்டம் என்பதை, உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடம் படித்த பாடசாலையை வைத்துத் தீர்மானிப்பதே பொது விதி. 2001 முதல் மூலப்புள்ளிக்குப் பதிலாக இசட் புள்ளி வந்தது. ஒரு பாடத்தில் எல்லோரும் எடுத்த புள்ளிகளின் சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதை அது சொல்லும். இலகுவான பாடத்துக்கும் கடினமான பாடத்துக்கும் இடையிலுள்ள அநீதியை அது ஓரளவு சரிசெய்தது. அந்த நன்மையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பாடத்துக்கும் பாடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கத் தெரிந்த சூத்திரத்துக்கு, துறைமுகத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள வித்தியாசம் தெரியாது. மாவட்டம் என்ற ஒரே பாயை விரித்து எல்லாரையும் அதில் உட்கார வைத்தாயிற்று. பாய்க்கு வெளியே கால் நீட்டிக் கொண்டிருப்பவன் எவன் என்று யாரும் பார்ப்பதில்லை.

ஏணியாக வந்தது

இந்தப் பரீட்சையின் தொடக்கம் இப்படி இருக்கவில்லை. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி என்ற திட்டம் 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நகரத்துக் கல்லூரிகளுக்கு நிகரான பாடசாலைகளைக் கிராமங்களுக்குக் கொண்டு போவதற்காக மத்திய கல்லூரிகள் உருவாகின. தீவகத்தின் வேலணை மத்திய கல்லூரி அந்த வரிசையைச் சேர்ந்தது. ஏழைப் பிள்ளையை ஐந்தாம் வகுப்பில் இனங்கண்டு, அந்த மத்திய கல்லூரிக்கு அனுப்பி, செலவையும் கொடுப்பதே புலமைப்பரிசிலின் நோக்கம். கன்னங்கராவும் புலமைப்பரிசில் பெற்றுக் காலி றிச்மண்ட் கல்லூரியில் படித்தவர் என்பதை நினைவில் வைத்தால் அந்த எண்ணத்தின் வேர் விளங்கும்.

அந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. நல்ல பாடசாலை கிராமத்துக்கு வந்தது. பிள்ளை அதற்குள் போனது. இன்று பிள்ளைதான் நகரத்தின் பெயர்போன பாடசாலைக்குப் போகிறது. ஒவ்வொரு பிரபல பாடசாலைக்கும் தனித்தனி வெட்டுப்புள்ளி வெளியாகிறது. பரீட்சை எழுதுகிறவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல். அவர்களில் உதவிப்பணம் பெறுபவர்கள் மிகச் சிறு பங்கினர். மற்றவர்களுக்கு இப்பரீட்சை பத்து வயதில் கிடைக்கிற ஒரு தீர்ப்பு. 2024 செப்டெம்பரில் முதலாம் வினாத்தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே கசிந்து, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. பத்து வயதுப் பிள்ளையின் மூன்று வினாவுக்காக நாட்டின் அதியுயர் நீதிமன்றம் கூட வேண்டி வந்தால், அந்தப் பரீட்சையின் தலையில் நாம் எவ்வளவு பாரத்தை ஏற்றி வைத்திருக்கிறோம் என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஏறுவதற்கு வைத்த ஏணி இப்போது சலிப்பதற்கான அரிதட்டாகிவிட்டது. தீவிலுள்ள கெட்டிக்காரப் பிள்ளை சித்தியடைந்தால் தீவைவிட்டுப் போகிறது. உயர்தரத்தில் உயிரியலோ பௌதிக விஞ்ஞானமோ படிக்க விரும்பி, ஊரில் அந்தப் பிரிவுக்கு ஆசிரியர் இல்லாவிட்டால் அப்போதும் போகிறது. போகப் போக வகுப்பறை சுருங்குகிறது. பிறகு ஒரு நாள், "பிள்ளைகள் காணாது, பாடசாலையை இணைக்கலாம்" என்று ஒரு கடிதம் வரக்கூடும். பிள்ளைகளைச் சலித்து எடுத்ததும் அதே முறைதான், பிள்ளைகள் காணாது என்று சொல்வதும் அதே முறைதான்.

நமது அமைச்சர், நமது மௌனம்

தரப்படுத்தலைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை ஏராளம். முஸ்லிம் சஞ்சிகைகளில் எழுதப்பட்டவை குறைவு. அதற்கு ஒரு சங்கடமான காரணம் இருக்கிறது. 1970 முதல் 1977 வரை கல்வி அமைச்சராக இருந்தவர் கலாநிதி பதியுத்தீன் மஹ்மூத். கம்பளை ஸாஹிராவைக் கட்டியெழுப்பியவர். முஸ்லிம் பாடசாலைகளுக்கும் ஆசிரிய நியமனங்களுக்கும் அவர் செய்தவற்றை நமது சமூகம் இன்றும் நன்றியோடு நினைக்கிறது. அவருடைய காலத்தில்தான் மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளியும் சிங்கள மொழி மூல மாணவருக்கு 229 புள்ளியும் தகைமையாக வைக்கப்பட்டன. பிறகு மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்டக் கோட்டா வந்தது.

இதில் இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மொழிவாரியாகப் புள்ளியைக் கூட்டிக் குறைத்தது ஒன்று. அதற்குக் கல்வி நியாயம் எதுவும் இருக்கவில்லை. தமிழில் எழுதிய முஸ்லிம் மாணவனும் அந்த 250க்குள்தான் நின்றான். அமைச்சர் நம்மவர் என்பது அவனுக்கு ஒரு புள்ளியும் கூட்டித் தரவில்லை. மாவட்டக் கோட்டா வேறு. கொழும்பும் யாழ்ப்பாணமும் கண்டியும் நெடுங்காலமாக நல்ல பாடசாலைகளை வைத்திருந்தன. மன்னாரும் முல்லைத்தீவும் அம்பாறையும் மொனராகலையும் அப்படி வைத்திருக்கவில்லை. விஞ்ஞான ஆய்வுகூடத்தைக் கண்ணால் காணாத ஊர்ப் பிள்ளைக்கு ஒரு வாசல் வேண்டும் என்ற வாதம் நியாயமானது. அந்த வாசலால் போய்ப் படித்து வந்த வன்னித் தமிழ்ப் பிள்ளைகளும் கிழக்கு முஸ்லிம் பிள்ளைகளும் தென்கோடிச் சிங்களப் பிள்ளைகளும் இன்று வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் இருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் இரண்டையும் ஒன்றாக்கி 'தரப்படுத்தல்' என்ற ஒரே பெயரில் எதிர்த்தார்கள். அவர்களுடைய கோபத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கோபத்தின் கணக்கிலும் யாழ்ப்பாணம் என்பது பெரும்பாலும் குடாநாட்டுக் கல்லூரிகளின் யாழ்ப்பாணமாகவே இருந்தது. மாவட்டக் கோட்டாவால் நெடுந்தீவுப் பிள்ளை இரண்டு தரம் அடி வாங்கியது: யாழ்ப்பாணம் முன்னேறிய மாவட்டம் என்று கொழும்பு கணக்குப் போட்டதில் ஒரு அடி, யாழ்ப்பாணம் என்றால் நாங்கள்தான் என்று நகரம் நினைத்ததில் இன்னொரு அடி. நாமோ, நம்மவர் அமைச்சர் என்ற மரியாதையில் மொழிவாரிக் கணக்கின் பிழையைப் பிழை என்று சொல்லத் தயங்கினோம். கோட்டாவின் நியாயத்தையும் தெளிவாக எடுத்துச் சொல்லவில்லை. நன்றியுணர்வு விமர்சனத்துக்குப் பூட்டுப் போட்டால் இரண்டுமே கெட்டுப் போகும்.

எந்த மாவட்டத்துப் பிள்ளை?

1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்துச் சனத்துக்கு இரண்டு மணித்தியாலம் அவகாசம். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 பேர். ஒஸ்மானியாவிலும் கதீஜாவிலும் படித்த பிள்ளைகள் கொப்பிகூட எடுக்காமல் புறப்பட்டு, புத்தளம், கற்பிட்டி, ஆலங்குடா, தில்லையடி என்று போய் இறங்கினார்கள். ஓலைக் கொட்டில்களில், பின்னேர வகுப்புகளில், இடம்கொடுத்த பாடசாலைகளின் ஓரத்தில் ஒரு தலைமுறை படித்தது.

அந்தப் பிள்ளை எந்த மாவட்டத்துப் பிள்ளை? மூன்று வருட விதியை அப்படியே வைத்தால் புத்தளத்துப் பிள்ளை. அப்படியானால் புத்தளத்தின் கோட்டாவுக்குள்ளே அகதிப் பிள்ளையும் அந்த ஊரின் பூர்வீகப் பிள்ளையும் போட்டியிட வேண்டும். புத்தளமே பின்தங்கிய மாவட்டம். தோணியில் இடமில்லாத நேரத்தில் ஏற்றிக்கொண்டவர்களும் ஏறியவர்களும் ஓர் ஆசனத்துக்காக முகம் கோணிக்கொண்ட கதை இரு தரப்புக்கும் தெரியும். அது சகோதரத்துவக் குறைபாட்டால் வந்த கசப்பு என்று பயான்களில் சொன்னோம். கசப்பை உண்டாக்கிய விதியை நாம் எடுத்துப் பார்க்கவில்லை. சனத்தொகை ஓரிடத்திலும் பிள்ளை வேறோர் இடத்திலுமாக இருந்தால் மாவட்டம் என்ற அலகு உடைந்துவிடும் என்பதற்கு வடக்கு முஸ்லிம்களைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

2009க்குப் பிறகு திரும்பிப் போன குடும்பங்களின் கதை இன்னொரு விதம். வாப்பா யாழ்ப்பாணத்தில் தொழில், உம்மாவும் பிள்ளைகளும் புத்தளத்தில் படிப்பு என்று வீடு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. "பாடசாலை சரியில்லாம எப்படிப் போறது?" என்று இவர்கள் கேட்கிறார்கள். "பிள்ளைகள் வராம எப்படிப் பாடசாலையைத் தரமுயர்த்துறது?" என்று நிர்வாகம் கேட்கலாம். தீவிலும் சோனகத் தெருவிலும் கேட்பது இதே கேள்விச் சோடிதான். ஓர் இடத்தில் கடல், மற்ற இடத்தில் வெளியேற்றம். இரண்டு இடத்திலும் 'தொகை காணாது' என்ற ஒரே பதில்.

அமெரிக்காவிலும் இதே தொகைக் கதை

தொகை காணாதவர்களைக் கணக்கிலிருந்து விழுத்துகிற பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. உலகத்தின் ஆகப் பெரிய பணக்கார நாடும் இதில் தடுக்கி விழுந்திருக்கிறது. ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் 2002 ஜனவரியில் கையொப்பமிட்ட 'எந்தப் பிள்ளையும் பின்தங்கலாகாது' என்ற சட்டம் அங்குள்ள பொதுப் பாடசாலைகளைத் தலைகீழாகப் புரட்டியது. மூன்றாந்தரம் முதல் எட்டாந்தரம் வரை வருடா வருடம் வாசிப்பிலும் கணிதத்திலும் பரீட்சை. 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி மட்டத்தை அடைய வேண்டும். அடையாத பாடசாலைக்குப் படிப்படியாகத் தண்டனை.

அந்தச் சட்டத்தில் ஒரு நல்ல விதை இருந்தது. பாடசாலையின் சராசரியை மட்டும் காட்டித் தப்பிக்க முடியாது. கறுப்பினப் பிள்ளைகள், ஏழைப் பிள்ளைகள், ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாதவர்கள், விசேட தேவையுள்ளவர்கள் என்று பிரித்துப் பிரித்துப் பெறுபேற்றை வெளியிட வேண்டும். நல்ல சராசரிக்குப் பின்னால் எந்தப் பிள்ளை ஒளிந்து கிடக்கிறது என்பது முதல்தடவையாக நாடு முழுக்கத் தெரிய வந்தது.

விதையை நட்ட நிலத்திலேயே உப்பையும் போட்டார்கள். புள்ளியோடு தண்டனையைக் கட்டியதால், கற்பித்தல் பரீட்சைத் தாளின் அளவுக்குச் சுருங்கியது. அட்லாண்டாவில் விடைத்தாள்களைத் திருத்திய விவகாரத்தில் 44 பாடசாலைகளில் 178 கல்வியாளர்கள் சம்பந்தப்பட்டதாக 2011இல் மாநில விசாரணை சொன்னது. 2015இல் பதினொரு பேர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள். எல்லாரும் கெட்டவர்கள் என்றில்லை. அளவுகோலைச் சாட்டையாக்கினால் அடி வாங்குகிறவன் அளவுகோலைத்தான் வளைப்பான்.

நமக்கு இன்னும் பெரிய பாடம் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஒரு பாடசாலையில் ஒரு பிரிவினர் மிகக் குறைவாக இருந்தால் அவர்களுடைய பெறுபேற்றைத் தனியாகக் கணக்கெடுக்க வேண்டியதில்லை என்று விலக்குக் கொடுத்தார்கள். எத்தனை பேருக்குக் கீழே என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே தீர்மானித்தது. சில மாநிலங்கள் 30 என்றன, சில 40 என்றன. விளைவு என்ன? 2006இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் கணக்குப் பார்த்தபோது, ஏறத்தாழ 19 இலட்சம் பிள்ளைகளின் புள்ளிகள் அவர்களுடைய இனப்பிரிவின் கீழ் எண்ணப்படாமல் விடப்பட்டிருந்தன. எந்தப் பிள்ளையும் பின்தங்கலாகாது என்ற சட்டத்துக்குள்ளேயே சிறுதொகைப் பிள்ளைகள் காணாமல் போனார்கள். 2015 டிசம்பரில் ஒபாமா அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறொன்றைக் கொண்டுவந்தார். தண்டனை தளர்ந்தது, பிரித்துக் காட்டும் கடமை நிலைத்தது.

இன்னோர் உதாரணம் டெக்சாஸ் மாநிலம். 1997இல் அங்கே ஒரு சட்டம் வந்தது: மாநிலத்தின் எந்த உயர்நிலைப் பாடசாலையானாலும் சரி, தன் வகுப்பில் முதல் பத்து சதவீதத்துக்குள் வருகிற மாணவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் நிச்சயம். அங்கே அலகு மாவட்டமோ இனமோ அல்ல, பாடசாலை. எல்லைப்புறச் சிற்றூர்ப் பிள்ளை தன்னோடு ஒரே கரும்பலகையைப் பார்த்தவர்களோடு மட்டும் ஒப்பிடப்படுகிறது. குறைகள் இல்லாமலில்லை. வகுப்பில் முதலாவதாக வந்தும் கணித அடித்தளம் இல்லாமல் பல்கலைக்கழகத்தில் தடுமாறியவர்கள் உண்டு. இடத்துக்காகப் பாடசாலை மாற்றிய பெற்றோரும் உண்டு. நம்மவருக்கு அந்தக் கலையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று வருட விதியே அதற்காக வைத்த பூட்டுத்தான். ஆனாலும் 'யாரோடு ஒப்பிடுகிறீர்கள்?' என்ற கேள்வியை டெக்சாஸ் நேருக்கு நேர் கேட்டது. நாம் இன்னும் கேட்கவில்லை.

ஜமாஅத்தின் கணக்குப் புத்தகம்

அரசாங்கத்தைக் குறை சொல்லி முடிப்பது இலகு. நமது பள்ளிவாசல் நிர்வாகங்களும் நலன்புரிச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் வருடா வருடம் நடத்துகின்ற பாராட்டு விழாக்களைப் பாருங்கள். ஒன்பது ஏ எடுத்தவருக்குப் பொன்னாடை. புலமைப்பரிசில் சித்தியடைந்தவருக்குப் புத்தகப்பை. முகப்பில் பெரிய பேனர். பிழை என்று சொல்ல வரவில்லை, பிள்ளைகள் மகிழட்டும். ஆனால் அந்த ஊரில் முதலாந்தரத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் சாதாரண தரம் வரை வந்தார்கள், இடையில் நின்ற ஆண்பிள்ளைகள் எந்தக் கடையில் வேலை செய்கிறார்கள் என்று கேட்டால், கணக்கு வைத்திருக்கிற நிர்வாகம் எத்தனை? கந்தூரிச் சோற்றுக் கணக்கு ரூபாய் சதத்தோடு நம்மிடம் இருக்கிறது. பிள்ளைகளின் கணக்கு இல்லை. மாவட்டம் செய்கிற அதே வேலையை நாமும் சிறிய அளவில் செய்துகொண்டிருக்கிறோம்: மேலே வந்தவரை எண்ணுகிறோம், கீழே விழுந்தவரை எண்ணுவதில்லை.

யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் இதை வேறு விதமாகச் செய்து காட்டினார். வைத்தீஸ்வராவிலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்து, இலங்கைச் சிவில் சேவையின் முதல் முஸ்லிமாகி, பிறகு கொழும்பு ஸாஹிராவின் அதிபரானவர். அவர் 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும் அதே வருடம்தான். கட்டணம் இல்லாமல் போனதும் ஏழைப் பிள்ளையின் தடை முழுதாக நீங்கிவிடாது, விடுதிச் செலவும் புத்தகமும் உடுப்பும் அப்படியே நிற்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வசதியில்லாத கெட்டிக்காரரைத் தேடிப் போவது அந்த நிதியின் வேலை. இன்று நாம் மேடையில் ஏற்றிப் பாராட்டுகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பை உண்மையில் தேவை என்பதை ஒவ்வொரு நிர்வாகமும் தன்னைத்தானே கேட்டுப் பார்க்கட்டும்.

இனி என்ன கேட்பது?

சீர்திருத்தம் பேசுகிற மேசைக்கு முஸ்லிம் அமைப்புகள் போகும்போது வழமையாகக் கேட்பவை தெரிந்தவைதான்: மௌலவி ஆசிரியர் நியமனம், இஸ்லாம் பாடநூல், விடுமுறை அட்டவணை, மாணவியரின் சீருடை. இவை வேண்டாதவை அல்ல. அவற்றோடு நான்கு விடயங்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

முதலாவது, பெறுபேற்றை மாவட்டத்தோடு நிறுத்தாமல் கல்வி வலயம், கோட்டம், பாடசாலை வகை என்று பிரித்து வெளியிட வேண்டும். யாழ் மாவட்டத்துக்குள்ளே தீவகம் ஒரு தனிக் கல்வி வலயம். அப்படியிருக்க அதன் கணக்கு மாவட்டக் கணக்கில் கரைந்து போக வேண்டியதில்லை. தொகை சிறியது என்றால் மூன்று நான்கு வருடத்துப் பெறுபேறுகளை ஒன்றுசேர்த்துக் காட்டலாம். அப்போது எந்தப் பிள்ளையும் தனியாக அம்பலப்படாது. எந்த ஊரும் கணக்கிலிருந்து விழவும் மாட்டாது. அமெரிக்கா தவறவிட்ட இடம் இதுதான்.

இரண்டாவது, பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 சதவீதத்தை முழு மாவட்டத்துக்கும் பொதுவாகக் கொடுக்காமல், பின்தங்கிய பாடசாலைகளுக்குரியதாக மாற்றுவது பற்றிப் பேசத் தொடங்க வேண்டும். மாவட்டத் தலைநகரத்தின் பெரிய கல்லூரியில் படித்த பிள்ளைக்குப் பின்தங்கிய மாவட்டச் சலுகை எதற்கு? பக்கத்து 'முன்னேறிய' மாவட்டத்தின் தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்கு அது ஏன் இல்லை? இந்தக் கேள்வி புத்தளத்துக்கும் பொருந்தும், அம்பாறைக்கும் பொருந்தும்; அதனால் நம்மில் சிலருக்கே இது கசக்கும். கசந்தாலும் கேட்க வேண்டும்.

மூன்றாவது, ஐந்தாந்தரப் பரீட்சையில் உதவிப்பணத்தையும் பாடசாலை அனுமதியையும் பிரித்துவிட வேண்டும். வருமானம் குறைந்த பிள்ளைக்கு உதவி கிடைக்கட்டும். அது தன் ஊர்ப் பாடசாலையில் இருந்துகொண்டே கிடைக்கட்டும். பெரிய பாடசாலையின் வாசலைத் திறக்கிற சாவி என்ற வேலையைப் பத்து வயதுப் பரீட்சையிடமிருந்து எடுத்துவிட்டால் ரியூசன் கடைகளின் பாதிக் காய்ச்சல் தானாக இறங்கும்.

நான்காவது, சிறிய பாடசாலையை மூடுவதா விடுவதா என்ற முடிவைத் தலை எண்ணிக்கையை மட்டும் வைத்து எடுக்கக் கூடாது. அடுத்த பாடசாலைக்குப் போகிற வழி றோட்டா, கடலா? வெளியேற்றப்பட்ட சனம் திரும்பி வருவதற்கு அந்தப் பாடசாலை ஒரு காரணமாக இருக்குமா? ஆசிரியர் தங்குவதற்கு ஒழுங்கான விடுதி கொடுத்துப் பார்த்தாயிற்றா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதாமல் எந்தக் கோப்பையும் மூடக்கூடாது.

இவற்றைக் கேட்கும்போது 'எங்கட புள்ளைகளுக்கு' என்று மட்டும் கேட்டால் வழமைபோல ஒரு சலுகைக் கோரிக்கையாக அது கோப்புக்குள் போய்விடும். நெடுந்தீவின் தமிழ்ப் பிள்ளைக்கும், நயினாதீவின் பிள்ளைக்கும், சோனகத் தெருவின் பிள்ளைக்கும், தில்லையடியின் பிள்ளைக்கும் ஒரே தராசின் பிழை பொருந்துகிறது. 1970களில் தமிழரும் முஸ்லிம்களும் இந்தத் தராசை ஆளுக்கொரு பக்கமாக நின்று பார்த்தார்கள். அதனால் அதன் முள் எங்கே பிழைக்கிறது என்பது ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. இந்தத் தடவையாவது சேர்ந்து நின்று பார்க்கலாம். அதற்கு முன்பு, அடுத்த பாராட்டு விழாவுக்குப் பேனர் அடிக்கக் கொடுக்கிற வாரத்தில், ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் ஒரு கொப்பியை எடுத்து, தன் மஹல்லாவில் பாடசாலைக்குப் போகாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுதத் தொடங்கட்டும். எண்ணப்படாதவர்களை நாம் எண்ணாவிட்டால் வேறு யாரும் எண்ணப் போவதில்லை.